ஈயச் சொம்பும் ஒரு பேரனும்



சென்ற மாதம் சித்தன்னவாசல் மலையடிவாரத்தில் நம் சபையின் வயதான தாயார் ஒருவருடைய வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். மாமியார் வழி வந்த ஈயச் சொம்பில் அவர்கள் வைத்த ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். நான்கு வயதுப் பேரனோ சோற்றை ஒதுக்கிவிட்டு ரசத்தையே கேட்டான். புகழ்ந்துவிட்டு வந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

சொம்பின் அடியில் ஒட்டுப் போட்டிருந்ததைக் கண்டிருந்தேன். ஈயம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு. ரசத்துக்கு உகந்தது வெள்ளீயம்; காரீயமோ நஞ்சு. நம் தமிழ் வேதாகமம் எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்தில் முன்னதைத் தகரம் என்றும் பின்னதை ஈயம் என்றும் பிரித்தே கூறுகிறது. அடுக்களைதான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பழைய பாத்திரங்களில் விலை குறைந்த காரீயம் கலந்திருக்கக்கூடும். ஒட்டுப் போடும் பற்றவைப்பு ஈயத்திலும் அது இருப்பதுண்டு. புளிப்பு அதைக் கரைத்து உணவில் இறக்கும். மேலைநாட்டாரின் பழைய பியூட்டர் பாத்திரங்களிலும் இதே இடர் உண்டு. திருவிருந்தின் திராட்சரசத்தைப் பியூட்டர் குடுவையில் கொண்டுவர 1603-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபை விதிகள் இடமளித்தன. திராட்சரசமும் புளிப்புதானே!

மூன்று நாள் தயங்கி, மறுபடியும் சென்றேன்.

“புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சுத்தானே வச்சிருக்கேன், ஐயா?”

“அது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல அம்மா, உலோகத்துக்குள்ளேயே இருப்பது.”

வெள்ளைத் தாளில் சொம்பின் விளிம்பை இழுத்தேன். கரிய கோடு விழுந்தது. சுத்த வெள்ளீயத்தில் அத்தனை அழுத்தமாய் விழாது. கோடு விழாவிட்டாலும் கலப்பில்லை என்று நம்பிவிட முடியாது. “எங்க மாமியா இதுலதான் காலமெல்லாம் சாப்பிட்டாங்க” என்றார்கள். காரீயம் எலும்பில் தங்கும், சிறு பிள்ளைகளின் மூளையைத் தாக்கும், பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எடுத்துரைத்தேன். நெடுநேரம் பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொம்பு இப்போது மாடத்தில் இருக்கிறது. எவர்சில்வர் ரசம் சப்பென்று இருக்கிறதாம். எனக்கும் அப்படித்தான் பட்டது. புதிதாய் வாங்குவோர் கடைக்காரரின் வாய்வார்த்தையோடு நில்லாமல் உலோகப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். பேரனுக்கு இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. அவனை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.