ஆற்காடு ரோடில் ஒரு சுற்று

சென்னைக்கு வரும் உறவினர்களை நீங்கள் எங்கெல்லாம் அழைத்துப் போகிறீர்கள்? மெரினா கடற்கரை, மயிலைக் கபாலீசுவரர் கோயில், எழும்பூர் மியூசியம். கையில் பணமும் மனத்தில் தைரியமும் இருந்தால் தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை. அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாறுதலுக்கு என்னோடு கோடம்பாக்கம் வாருங்கள்.

நட்சத்திரங்களைக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் இங்கே தெருவில் நடமாடுவதில்லை. நட்சத்திரமாக வேண்டும் என்று ஊரை விட்டு வந்தவர்கள் நடமாடும் தெருவைத்தான் காட்டப் போகிறேன். உங்கள் வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளையோ பெண்ணோ நிலைக்கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பதாகத் தோன்றினால், அவசியம் வாருங்கள்!

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் வந்து கோடம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்குகிறோம். பார்ப்பதற்கு மிகவும் சாதாரணமான ஸ்டேஷன். ஆனால் "கோலிவுட்" என்று உலகமெல்லாம் சொல்கிறார்களே, அந்தப் பெயரின் முதல் எழுத்து இந்த ஊர்ப் பெயர்ப் பலகையிலிருந்து எடுத்ததுதான். மேம்பாலத்தைத் தாண்டி, ஆற்காடு ரோடில் மேற்கே நடந்தால் பவர் ஹவுஸ் பஸ் ஸ்டாப். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். சர்க்கரை குறைவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாயசம் மாதிரி வந்து நிற்கும்.

பக்கத்தில் இருக்கும் இளைஞரைப் பாருங்கள். இஸ்திரி போட்ட சட்டை, சீராக வெட்டிய தாடி, கையில் டெலிபோன். அதை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

"என்ன தம்பி, யாராவது கூப்பிட வேண்டுமா?"

"ஆமா சார். போன வாரம் ஒரு ஆடிஷன் போனேன். சொல்லி அனுப்புறோம்னாங்க."

"எத்தனை வருஷமாக இந்த முயற்சி?"

"நாலு வருஷம் சார். மூணு படத்துல வந்திருக்கேன். ஒண்ணுல வசனம்கூட இருந்தது. எடிட்டிங்ல போயிடுச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். நான்கு வருஷத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அந்தச் சிரிப்பைத்தானோ என்று எனக்குத் தோன்றியது. நடிப்புத் தொழிலில் நடிப்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம். காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அந்த நாட்களில் சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் இந்தத் தெரு புதிதாக வருகிறவர்களைக் கேட்கும் முதல் கேள்வி. "உனக்கு நடிக்க வருமா?" என்பது இரண்டாவது கேள்வி.

வாருங்கள், வடபழனிப் பக்கம் நடப்போம். இதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதோ பளபளவென்று ஒரு வணிக வளாகம். இரண்டுக்கும் பெயரில் "விஜயா" இருப்பதைக் கவனித்தீர்களா? நாகிரெட்டியும் சக்ரபாணியும் விஜயா - வாகினி ஸ்டூடியோவை நடத்திய பூமி இது. ஆசியாவின் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்று என்று அந்நாளில் பெருமையாகச் சொல்வார்கள். இன்று அங்கே ஒரு பக்கம் மருந்து வாசனை. இன்னொரு பக்கம் பாப்கார்ன் வாசனை.

அந்தக் காலத்தில் நடிக்க வந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. எங்கே போய் நிற்பது என்று தெரியும். ஸ்டூடியோவுக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு கூர்க்கா. அவர் விரட்டினாலும், "இதுதான் வாசல்" என்பதில் சந்தேகமில்லை. உள்ளே புகுந்துவிட்டால் மாதச் சம்பளமும் உண்டு. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் அப்படித்தான் சம்பளத்துக்கு ஆட்களை வைத்திருந்தார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்த கணேசன் என்ற இளைஞருக்கு, நடிக்க வருகிறவர்களைப் பேட்டி கண்டு தேர்ந்தெடுக்கும் பிரிவில் உத்தியோகம். பிறருக்கு வேஷம் தேடிக் கொடுத்தவருக்கே 1947இல் "மிஸ் மாலினி"யில் ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. பிறகு சம்பளம் கொடுத்த கம்பெனியின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது: ஜெமினி கணேசன்!

1977இல் பாரதிராஜாவின் "16 வயதினிலே" வந்தது. காமிராவை ஸ்டூடியோவிலிருந்து கிளப்பி, கிராமத்து வயல்வெளிக்கு அழைத்துப் போன படம். ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகு செட் போட்டு எடுப்பது குறைந்தது. ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் அடுக்குமாடி வீடாகவும் ஆயின. சினிமாவுக்கு அது நல்லதுதான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு வாசல் எது என்பதே தெரியாமல் போய்விட்டது. இன்று வாய்ப்பு என்பது டெலிபோனில் வரும் ஒரு செய்தி. அதை உண்மையான கம்பெனியும் அனுப்பலாம். நாலு தெரு தள்ளி அறை எடுத்திருக்கும் மோசடிக்காரனும் அனுப்பலாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

வழியில் வடபழனி ஆண்டவரைத் தரிசித்துவிட்டுப் போவோம். புதுப் படத்துக்குப் பூஜை போடுகிறவர்கள் இங்கே வருவது வழக்கம். கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்களில் யார் கதாநாயகன், யார் துணை நடிகர் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். முருகன் சந்நிதியில் எல்லோரும் ஒரே வரிசை.

சிக்னலைத் தாண்டியதும் அந்தப் பூகோள உருண்டை தெரிகிறதா? அதுதான் ஏவி.எம். படங்களின் தொடக்கத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே உருண்டை. 2023இல் இங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய மோட்டார் கார்களும் படப்பிடிப்புச் சாதனங்களும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில் நினைவு வருவது "பராசக்தி". 1952. கதாநாயகன் புது முகம். ஆனால் பிள்ளைப் பிராயத்திலிருந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். படம் கொஞ்சம் வளர்ந்த பிறகு, "பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு ஆளைப் போட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுந்தது. தயாரிப்பில் கூட்டாளியான பி.ஏ. பெருமாள் முதலியார் மட்டும், "இவர்தான் நடிக்க வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார். அந்த ஒல்லிப் பையன் சிவாஜி கணேசன். அவருடைய முதல் காட்சியைப் படமாக்கிய இடத்தில் பின்னாளில் நினைவுச் சின்னமே எழுப்பினார்கள். பெருமாள் முதலியார் அன்றைக்குச் சற்று இளகியிருந்தால்? திறமை எத்தனை இருந்தாலும், "இருக்கட்டும், பொறுங்கள்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

எம்.ஜி.ஆர். கதை இன்னும் நீளம். சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர், 1936இல் "சதிலீலாவதி"யில் ஒரு சின்ன போலீஸ் வேஷத்தில் திரைக்கு வந்தார். கதாநாயகனாக "ராஜகுமாரி" வந்தது 1947இல். நடுவில் பதினோரு வருஷம்! இதைக் கேட்டதும், "பார்த்தாயா, பொறுமை வேண்டும்" என்று நாம் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துவிடுகிறோம். அவரைப் போலவே பதினோரு வருஷம் பொறுத்தும் பெயர் வெளியே வராதவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை.

இப்போது சாலிகிராமத்துச் சந்துகளுக்குள் நுழைவோம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, மொட்டை மாடியில் ஓர் அறை. ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நான்கு பேர். ஒருவர் உதவி இயக்குநர். ஒருவர் பாட்டு எழுதுகிறவர். மற்றவர் நடிகர், அதாவது நடிகராகப் போகிறவர். வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், சில சமயம் நல்ல சட்டையையும். புகைப்படம் எடுக்கச் செலவு, உடற்பயிற்சிக்குச் செலவு, நடனத்துக்கும் சண்டைக்கும் வாத்தியார் சம்பளம், ஆடிஷனுக்குப் போக ஆட்டோ சத்தம். வரவு எழுதும் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ராத்திரியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் வேலையில் பலர் சேர்ந்திருக்கிறார்கள். எந்த நேரமும் விட்டுவிட்டு ஆடிஷனுக்கு ஓடலாம் அல்லவா!

நாம் கொண்டாடுகிறவர்களின் கதைகளையும் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். நாகேஷுக்கு ரயில்வேயில் உத்தியோகம் இருந்தது. தி.நகர் விடுதியில் வாலியைப் போன்ற நண்பர்கள் உடன் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1964இல் "சர்வர் சுந்தரம்", அதுவும் ஹோட்டல் சர்வர் ஒருவன் நடிகனாகும் கதை! பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த சிவாஜி ராவ், 1973இல் சென்னையில் பிலிம் சேம்பர் நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்தபோது, உடன் வேலை பார்த்த பஸ் டிரைவர் நண்பர்தான் பண உதவி செய்தார். 1975இல் "அபூர்வ ராகங்கள்", பிறகு ரஜினிகாந்த். விஜய் சேதுபதி துபாயில் கணக்கு எழுதியவர். ஊர் திரும்பியதும் கூத்துப்பட்டறையிலும் கணக்கு எழுதினார். குறும்படங்களிலும் சின்ன வேஷங்களிலும் தலை காட்டி, 2010இல் "தென்மேற்கு பருவக்காற்று" வரும் வரை அப்படித்தான். ஒரு சம்பளமோ, ஒரு நண்பரோ, ஒரு தாயாரோ உலையில் அரிசி போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சாலிகிராமத்தில்தான் பிரசாத் ஸ்டூடியோ இருக்கிறது. இதை ஸ்தாபித்த எல்.வி. பிரசாத்தும் நடிக்க வந்தவர்தான். 1931இல் வந்த இந்தியாவின் முதல் பேசும் படம் "ஆலம் ஆரா", அதே வருஷத்துக் "காளிதாஸ்", அடுத்து வந்த முதல் தெலுங்குப் பேசும் படம், மூன்றிலும் சின்னச் சின்ன வேஷம் போட்டார். ஆனால் பெயர் வாங்கியது டைரக்டராகவும் தயாரிப்பாளராகவும். நடிக்க வந்த இடத்தில் தனக்கு ஏற்ற வேறு வேலை இருக்கிறதா என்று கண் திறந்து பார்த்தவர் அவர். தோல்வி என்று இதை யார் சொல்வார்கள்?

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1931இல் "காளிதாஸ்" கதாநாயகியாக டி.பி. ராஜலட்சுமி நடித்தார், 1936இல் "மிஸ் கமலா"வைத் தாமே டைரக்ட் செய்தார். பள்ளத்தூரிலிருந்து நாடக மேடை வழியாக வந்து, 1958இல் "மாலையிட்ட மங்கை"யில் தொடங்கிய மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். ஆகவே பெண்களுக்கு ஏற்ற தொழில் அல்ல என்று சொல்வது சரித்திரத்தையே மறைப்பதாகும். ஆனால் ஆபத்து இல்லை என்பதும் பொய். கேரள அரசு நியமித்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. மலையாளப் படவுலகில் வாய்ப்புக்கு விலையாகப் பெண்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதையும், படப்பிடிப்பு இடங்களில் கழிவறையும் உடை மாற்ற மறைவும்கூட இல்லாத நிலையையும் அது எடுத்துச் சொன்னது. எல்லைக்கு அப்பால் நடப்பது என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியுமா?

இரண்டு விஷயங்களைப் பெண்ணுக்குச் சொல்லி வையுங்கள். முதலாவது: நடிக்கிறவருக்குக் கம்பெனிதான் பணம் தரும். பதிவுக் கட்டணம், அறிமுகக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ராத்திரியில் ஹோட்டல் அறைக்குத் தனியாக வரச் சொன்னாலும் அப்படியே. இரண்டாவது: 2013இல் வந்த சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க ஒரு பெண்மணியின் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். படப்பிடிப்பு இடமும் வேலை செய்யும் இடம்தான். குழு இல்லாத சிறு இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

நம் சுற்று முடியும் இடம் விருகம்பாக்கம். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பல வருஷம் இந்தப் பக்கத்தில்தான் இயங்கியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே பழகியவர்கள். காத்திருக்கும் நாளை வீணாக்காமல் இருக்க இதுவே வழி: ஒரு நாடகக் குழு, தினமும் குரலுக்கும் உடம்புக்கும் பயிற்சி. சான்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், கற்றது கையில் நிற்கும்.

கால் வலிக்கிறதா? வடபழனிக்கு ஆட்டோவில் போய் மெட்ரோ ரயிலைப் பிடித்துவிடலாம். போகும் வழியில் ஒன்று சொல்கிறேன். என்றாவது ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, நான் நடிக்கப் போகிறேன்" என்று உங்கள் பிள்ளை சொல்லக்கூடும். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழ வேண்டாம். கேள்வி கேளுங்கள். எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் இருக்கிறது? நடுவில் பிழைப்புக்கு எந்த வேலை? எங்கே கற்றுக்கொள்ளப் போகிறாய்? யாரோடு தங்குவாய்? எத்தனை வருஷம் கழித்து நாம் இருவரும் உட்கார்ந்து மறுபடி யோசிக்கலாம்? பதில் சொல்ல முடிந்தால், பாதி நடிகர் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வராதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திரும்ப வழியில்லாதவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடுகிறார்கள். வீட்டில் தனக்கு ஒரு தட்டுச் சோறு எப்போதும் உண்டு என்று தெரிந்த பெண், கூடாத இடத்தில் "கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் தைரியத்தை எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைக் கொடுக்க உங்களால்தான் முடியும்.