தைப்பிங் பெயர் தாங்கிய அசோகம்

கோயில் வாசலில் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் மரத்தைக் காட்டி, "இதுதான் அசோக மரம்" என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லும் தாத்தாக்கள் கோயம்புத்தூரிலும் உண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோப்பெங்கிலும் உண்டு. அந்த மரம் நெட்டிலிங்கம். சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீதை அமர்ந்திருந்த அசோகத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

அசோகத்தின் உண்மையான உறவு ஒன்று பேராக் மண்ணில் வளர்கிறது. அந்த மரம் மஞ்சளாகப் பூக்கும். தாவரவியல் பெயர் சராக்கா தைப்பிங்கென்சிஸ். பேராக்கின் தைப்பிங் நகரம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சராக்கா மரங்களை மலாய்க்காரர்கள் காப்பிஸ் என்பார்கள்.

அந்தத் தாவரவியல் பெயரைத் தேர்ந்தவர் 1880களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தை நடத்திய நத்தானியல் காண்ட்லி. அவர் 1888இல் இறந்துபோனார். கல்கத்தாவில் பணியாற்றிய டேவிட் பிரெய்ன் 1897இல்தான் அதை முறைப்படி வெளியிட்டார். கோப்பெங்கை அடுத்த உலு கெரோவுக்குப் பயணிகள் தேடி வரும் ராஃப்ளேசியாவுக்கும் காண்ட்லியின் பெயர்தான்: ராஃப்ளேசியா காண்ட்லியை. காட்டுக்கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழும் அந்தப் பூவை வீட்டில் வளர்க்க வழியில்லை. காப்பிஸை வளர்க்கலாம். அப்படியிருந்தும் அதைத் தேடி வருவோர் குறைவு என்பது வருத்தம் தருகிறது.

எங்கே தேடுவது? பாறை நிறைந்த, தெளிந்த காட்டோடைக் கரைகளில். தாவரவியலாளர் கார்னர் 1940இல் வெளியிட்ட 'மலாயாவின் வழியோர மரங்கள்' நூலில் இத்தகைய நீரோட்டங்களைச் 'சராக்கா ஓடைகள்' என்றே குறிப்பிட்டார். தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் கோப்பெங்குக்கு ஓடைகள் புதிதல்ல.

அடையாளம் காண இலையே போதும். நெட்டிலிங்கத்துக்கு ஓரம் நெளிந்த தனி இலை. காப்பிஸுக்கு ஒரே காம்பின் இருபுறமும் இணை இணையாகச் சிற்றிலைகள். பூ கிளை நுனியை நாடாது. தடித்த கிளையிலும் அடிமரத்திலும் பட்டையைப் பிளந்துகொண்டு சாண் அகலக் கொத்தாக வெடிக்கும். அந்தப் பூவில் இதழே கிடையாது. இதழாகத் தெரிபவை நிறமேறிய நான்கு புல்லிகள். நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கண். இரவில் மணம் கூடும். காய் தட்டையாக, செவ்வூதா நிறத்தில், முழ நீளம்கூடத் தொங்கும்.

தமிழில் அசோகத்துக்குப் பழைய பெயர்கள் பிண்டி, செயலை. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் பிண்டி இருக்கிறது. சமணர்களின் அருகன் வீற்றிருப்பதும் பிண்டி நிழலில்தான். அந்தச் செந்நிற அசோகம் பட்டைக்காக வெட்டப்பட்டு, இந்தியாவில் அருகிவரும் மரங்களில் ஒன்றாகிவிட்டது. மருந்துக்கு உரிக்கப்படும் மரத்தை நடுபவர்கள் போதவில்லை.

காப்பிஸை வளர்ப்பதில் முதல் சிக்கல் விதை. காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாது. காய் வெடித்த கையோடு விதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல் கோப்பெங்கின் மண். வெள்ளீயம் அலசி எடுத்த பிறகு மிஞ்சிய வெள்ளை மணலில் தண்ணீரும் நிற்காது, சத்தும் தங்காது. ஓடைக்கரையில் பிறந்த மரத்தை அதில் அப்படியே நட்டால் தாங்காது. குழியை அகலமாக வெட்டி, மக்கிய இலையும் மாட்டெருவும் கலந்து, அடியில் மூடாக்குப் போட வேண்டும். பெரிய மரத்தின் அரைநிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய பால்மரத் தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நாற்றுக்கு நிழல் கட்டுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூவுக்குச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதற்கு முன்பே புதுத்தளிர் வந்துவிடும். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, நனைந்த துணிபோல் துவண்டு கொத்தாகத் தொங்கும். முதன்முறை பார்ப்பவர் செடி வாடிவிட்டதென்று பதறி வாளியோடு ஓடுவார். வேண்டாம். மெல்ல நிறம் வெளிறி, விறைத்து, அந்தத் தளிர் தானாகவே பச்சை இலையாகிவிடும்.