மூன்று மில்லிமீட்டர் எஃகு

ஐஸ் ஹாக்கி ஆடுகிறவரின் முழு எடையும் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள எஃகுத் தகட்டின் மேல் நிற்கிறது. அந்தத் தகட்டின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஓடும்; பள்ளத்தின் இரண்டு கரைகள்தான் பனியைக் கவ்வுகிற விளிம்புகள். வருடம் முழுக்க வியர்வை காயாத பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருந்துகொண்டு இந்த விளிம்புகளைத் தீட்டிக் கொடுக்கிறேன் என்றால் பலர் நம்புவதில்லை.

அப்பா சாணை பிடிப்பவர். லிட்டில் இந்தியாவின் முடிதிருத்தும் கடைகளிலிருந்து சவரக்கத்தி வரும், தையல்காரர்களின் பெரிய கத்தரிகள் வரும், சௌராஸ்தா சந்தையிலிருந்து இறைச்சி வெட்டும் கத்திகள் வரும். கத்தியில் குத்தியிருக்கும் முத்திரையை வாடிக்கையாளர்கள் பெருமையோடு காட்டுவார்கள். சொலிங்கன் என்ற ஜெர்மானிய ஊர்ப்பெயர் இருந்தால் தனி மரியாதை. வேறு ஊரில் செய்த கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று ஜெர்மனி 1938இல் சட்டமே போட்டிருக்கிறது. அப்பா முத்திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கத்தியைத் திருப்பி விளிம்பை வெளிச்சத்தில் பிடிப்பார். சக்கரத்தில் வைத்து அழுத்தினால் எஃகு சூடேறி நீலம் பாயும். “நீலம் ஏறிட்டா அந்த முனை செத்துப்போச்சு தம்பி. எந்த ஊரு எஃகா இருந்தாலும் அப்புறம் நிக்காது” என்பார். கத்தி எஃகு 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்த நிறம் காட்டும். ஏற்றிய கடினம் இறங்கிவிடும். அப்பாவுக்கு அந்த எண் தெரியாது. நிறம் தெரியும்.

கடைக்கு வெளியே ‘சாணை’ என்று மட்டும் எழுதிய பலகை. அப்பாவின் பெயர் அதில் இல்லை.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் முதல் ஸ்கேட் உள்ளே வந்தது. 1997இல் சுபாங் ஜெயாவில் சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளம் திறந்த பிறகு, பினாங்கில் சக்கர ஸ்கேட்டில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் வார இறுதியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிக்கொண்டு அங்கே போவார்கள். அவர்களில் ஒருவர் மழுங்கிய ஸ்கேட்டைக் கயிற்றில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். 2006இல் மலேசியா சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2017 கோலாலம்பூர் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் முதன்முறையாகக் குளிர்கால ஆட்டங்களையும் சேர்த்தார்கள். அதற்குள் ஸ்கேட் தீட்டுவது எனக்கு விருப்பமான வேலையாகிவிட்டது.

கத்திக்கு ஒரு விளிம்பு, இதற்கு இரண்டு. அரை அங்குல ஆரத்தில் பள்ளம் எடுத்தால் விளிம்பு ஆழமாகக் கவ்வும். திருப்பம் கூர்மையாக வரும், ஆனால் ஓட்டம் குறையும். ஆரத்தைப் பெரிதாக்கினால் பள்ளம் ஆழம் குறைந்து காலணி வழுக்கிக்கொண்டு போகும். பனி இளகியிருந்தால் ஆழப் பள்ளம் உள்ளே புதைந்து ஆட்டக்காரரை இழுத்துப் பிடிக்கும். அதனால் எடை எவ்வளவு, எந்தத் தளம் என்று கேட்காமல் நான் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. இரண்டு விளிம்புகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை உயர்ந்தாலும் ஆட்டக்காரர் ஒரு பக்கமாகத் திரும்பும்போது கால் நழுவும். அவர் தன் காலைக் குறை சொல்லிக்கொள்வார். கடைசியில் பிசிறு எடுக்கும் வேலை இருக்கிறது. அதை அப்பாவின் பழைய தீட்டுகல்லில்தான் செய்கிறேன்.

அக்கா மகன் ஆடத் தொடங்கியபோது எஃகைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் வந்தது. “மாமா, கறுப்பு பிளேடு வாங்கித் தாங்க, அது ரொம்ப நாள் கூரா நிக்குமாம்” என்றான். ஹாக்கி பிளேடுகளில் பெரும்பாலானவை குரோமியம் பதின்மூன்று விழுக்காடு அளவில் கலந்த துருப்பிடிக்கா எஃகு. கறுப்பாகத் தெரிவது அதன் மேல் பூசிய, வைரம் போலக் கடினமான கரிமப் பூச்சு. சாணை பிடித்தவுடன் அடிப்பக்கப் பூச்சு போய்விடும். பக்கச் சுவர்களில் மட்டும் மிஞ்சி விளிம்புக்குத் துணை நிற்கும். பலன் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே வகை எஃகை இரண்டு உலைகளில் பதம் போட்டால் இரண்டு விதமாக வரும் என்பதையும், மோசமாகத் தீட்டினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: பிளேடுக்குப் போடும் ரப்பர் உறை நடந்து போவதற்கானது. ஈரத்தோடு அதை மாட்டி வைத்தால், நம் கடற்காற்றில் துருப்பிடிக்கா எஃகிலும் பழுப்புப் புள்ளி விழும்.

இந்தப் பிளேடுகளைச் சுற்றிக் காப்புரிமைகளும் இருக்கின்றன. முன்பு பிளேடு உலோகக் குழாயோடு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1970களில் டூக் என்ற பிளாஸ்டிக் பிடிப்பான் வந்தது. பிறகு அது பாவர் நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தது. இன்று பாவர் பிடிப்பானில் ஒரு விசையை இழுத்தால் பிளேடு கழன்று கையில் வரும். ஆட்டத்தின் நடுவே பிளேடு உடைந்தவருக்கு அது பெரிய வரம். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு உரிமையும் பணமும் சேர்வது நியாயம் என்றே நினைக்கிறேன். அதே சமயம் பாவரின் பிளேடு சிசிஎம் என்ற இன்னொரு நிறுவனத்தின் பிடிப்பானில் உட்காராது. பிடிப்பானை வாங்கியவர் அடுத்த பிளேடையும் அதன் அளவுக்கே தேட வேண்டும். காப்புரிமைக்கு விண்ணப்ப நாளிலிருந்து இருபது ஆண்டு ஆயுள். அதற்குப் பிறகு வடிவம் எல்லாருக்கும் பொது. வணிகப் பெயரையோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவு கிடையாது.

இதுவரை வீட்டில்கூட நான் மனம்விட்டுச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். என் பெயரில் ஒரு காப்புரிமை வேண்டும் என்று பல வருடங்கள் ஆசைப்பட்டேன். இரண்டு விளிம்பும் சமமாக வருவதற்குப் பிளேடைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டத்தை நானே செய்திருந்தேன். அப்பா வாழ்நாள் முழுக்கத் தொட்ட ஒவ்வொரு கத்தியிலும் வேறொருவரின் பெயர் இருந்தது. எங்கள் குடும்பப் பெயர் இரும்போடு சேர்ந்து ஒரே ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும் என்பதுதான் அந்த ஆசை. பணம் எனக்கு இரண்டாம் பட்சம்.

காப்புரிமை முகவர் ஒருவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல எது புதுசோ அதை மட்டும் ஒரே வாக்கியத்துல எழுதிக் கொண்டாங்க, ஐயா” என்றார். வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பொதுவாக எழுதினால் எந்தப் பட்டறையிலும் இருக்கிற பிடிப்பானாகிவிட்டது. நுணுக்கமாக எழுதினால், என் திருகாணிக்குப் பதில் ஒரு சுருள்வில் போட்டவரைக்கூட அந்த வாக்கியம் தடுக்காது. விளிம்பு சமமாக வருவது எந்த இடத்தில் நிகழ்கிறது என்று யோசித்தேன். கல்லில் பிளேடு உரசும் ஒலி மாறும்போது கை தானாக இலேசாகிறதே, அங்கே. அதை எந்த வாக்கியத்தில் எழுதுவது?

அந்த நாட்களில் தேடிப் படித்தபோதுதான் ஹீத் என்ற பெயர் கண்ணில் பட்டது. ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அதிகாரி. சேலம் பகுதியின் இரும்பைக் கண்டு மயங்கி, வேலையை விட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். நம் கொல்லர்கள் எஃகு உருக்கிய விதத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார்: களிமண் மூசையில் இரும்பையும் காய்ந்த ஆவாரங்குச்சித் துண்டுகளையும் போட்டு, மேலே எருக்கிலை வைத்து, வாயை மண்ணால் பூசி, துருத்தி ஊதி உருக்குவார்கள். பிறகு அவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போனார். கத்திக்கும் பனிச்சறுக்கு பிளேடுக்கும் பேர்போன ஊர். ஜான் வில்சன் என்ற பிளேடு முத்திரை தன் தொடக்கத்தை அங்கே 1696 என்று சொல்கிறது. அங்கே ஹீத், உருக்கும்போது மாங்கனீசுக் கரிமச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு, 1839இல் காப்புரிமை வாங்கினார்.

அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவர், அந்தச் சேர்மத்தைத் தனியே செய்து போடாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் போட்டார். உலையின் சூட்டில் அதே சேர்மம் உள்ளேயே உண்டாகும், செலவும் குறைவு. காப்புரிமையில் எழுதியிருப்பதோ முன்கூட்டியே செய்த சேர்மம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்பளித்தது. ஷெஃபீல்டு முழுக்க மாங்கனீசு போட்டு எஃகு உருக்கியது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹீத்துக்காக வருந்தினேன். அதைவிட, ஆவாரங்குச்சியின் அளவைக் கையால் நிறுத்த அந்தச் சேலத்துக் கொல்லர்களை நினைத்துத்தான் மனம் அடித்துக்கொண்டது. ஹீத்தின் பெயர் தோற்ற வழக்கிலாவது இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் காகிதத்திலும் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக எஃகு உருகியது. அப்பாவிடமிருந்து மகனுக்குக் கை வழியே போயிருக்கிறது.

நான் விண்ணப்பிக்கவில்லை. பிளேடைப் பிடிக்கும் அந்தச் சட்டத்தின் அளவுகளை, கேட்டு வந்த இரண்டு இளைஞர்களுக்கு வரைந்து கொடுத்தேன். பக்கத்தில் நிறுத்தி, ஒலி மாறும் இடத்தைக் கேட்கச் சொல்லிப் பழக்கினேன். அவர்களில் ஒருத்தி இப்போது என்னைவிடச் சீராகத் தீட்டுகிறாள். பலகையில் ‘சாணை’க்குக் கீழே அப்பாவின் பெயரையும் எழுதிவிட்டோம். அதற்கு யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளைப் பனித்தளத்துக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுத்தர விலை பிளேடு போதும். மிச்ச வெள்ளியை ஒழுங்காகத் தீட்டுகிறவருக்குக் கொடுங்கள். தீட்டியதைத் திரும்ப வாங்கும்போது பிளேடின் குறுக்கே ஒரு நேர்ச் சட்டத்தை வைத்து, இரண்டு விளிம்பும் சமமாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் அடுத்த முறை போகாதீர்கள். பனியை விட்டு வெளியே வந்ததும் பிளேடை உலர்ந்த துணியால் துடைத்து, துணி உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.