ஒரே பணி, இரு வீடுகள்

1961ஆம் ஆண்டு ஜனாதிபதி கென்னடி தோற்றுவித்த ‘பீஸ் கோர்’ என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பில் தம்பதியர் சேர்ந்தே பணியாற்றலாம். பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஆனால், அதற்கு முந்திய சுமார் மூன்று மாதப் பயிற்சியின்போது கணவனும் மனைவியும் அந்நாட்டில் வெவ்வேறு குடும்பங்களுடன் தங்க நேரிடுவதுண்டு.

இதைக் கொடுமையெனச் சிலர் கருதக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் இருவரும் இரவில் பேசுவது தாய்மொழியே. தனித்திருப்பவரோ உப்பைக் கேட்பதற்கும் புதிய மொழியையே நாடவேண்டும். துணைவர் பேசட்டும் என்று ஒதுங்கியிருந்தவரும் அங்கே வாய்திறந்தாக வேண்டும். இன்னாரின் மனைவி என்றிருந்தவர் அவ்வீட்டின் பிள்ளையாகிவிடுவார்.

போரும் வறுமையும் பிரித்துவைத்த தம்பதியர் பலரைக் கண்டவர்கள் நாம். அவர்களுக்கு வாய்க்காத ஒன்று இவர்களுக்குண்டு: மீண்டும் சேரும் நாள் முன்கூட்டியே தெரியும்.