பேரை யார் கொண்டு போறது?

எங்களிட்ட ஒரு ஜேர்சி இருக்கு. பச்சையும் மஞ்சளும். முதுகில 20, முன்னால ‘சோனிக்ஸ்’ எண்டு எழுத்து. புத்தளம் டவுனில பழைய உடுப்பு விக்கிற கடையொண்டில மூண்டு பேரும் காசு சேர்த்து வாங்கினது. அதனால மூண்டு பேரும் மாறி மாறித்தான் போடுவோம். ஒரு நாள் கென்டீனில சீனியர் ஒருத்தர் “இது எந்த டீம்?” எண்டு கேட்டார். எங்களுக்கும் தெரியாது. அறைக்கு வந்து தேடினோம். அப்படி ஒரு டீம் இப்ப இல்ல. 2008ல இருந்து இல்ல.

அண்டைக்கு இரவு முழுக்க ட்யூட்டோரியலை விட்டுப்போட்டு அமெரிக்கக் கூடைப்பந்து பற்றி வாசிச்சுக்கொண்டிருந்தோம். எங்கட ஊரில கூடைப்பந்து எண்டால் யாருக்கும் பெரிசா ஒண்டும் தெரியாது. மன்னார்ப் பக்கம் பந்து எண்டால் உதைபந்துதான், வேற பந்து கணக்கில இல்ல. ஆனா அந்த இரவு வாசிச்சது கூடைப்பந்துக் கதையாவே இருக்கல்ல. எங்கட வீட்டுக் கதை மாதிரி இருந்தது.

முதல்ல எங்களைப் பற்றிச் சொல்லிவிடுறோம். நாங்கள் மூண்டு பேரும் எருக்கலம்பிட்டி. இதைச் சொன்னா அடுத்த கேள்வி உடனே வரும்: “எந்த எருக்கலம்பிட்டி?” ஒருத்தனுக்கு மன்னார்த் தீவில இருக்கிற எருக்கலம்பிட்டி. அவன்ட குடும்பம் யுத்தம் முடிஞ்ச பிறகு திரும்பிப் போய் வீடு கட்டினது. மற்ற ரெண்டு பேரும் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில, பாலாவிக்குக் கிட்ட இருக்கிற நாகவில்லுவில. 1990 ஒக்டோபர் கடைசியில விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். தீவில இருந்த எங்கட ஆக்கள் கடற்கரையில காத்துக் கிடந்து, வள்ளத்தில கற்பிட்டிக்குப் போய் இறங்கினவங்க. எங்களில ஒருத்தரும் அப்ப பிறக்கல்ல. ஆனா நாகவில்லுவில இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பேர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மகா வித்தியாலயம். ஊர் வள்ளத்தில ஏறி வரும்போது பேரையும் ஏத்திக்கொண்டு வந்துவிட்டது. மன்னாரிலயும் அந்தப் பேர் அப்படியே நிக்குது.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ரெண்டு பக்கத்துப் பொடியன்மாரும் ஊரில பந்தடிக்கிறது எண்டு முடிவாயிருக்கு. ஜேர்சி அடிக்கிற பொறுப்பு எங்கட தலையில. முன்பக்கம் என்ன பேர் போடுறது எண்டதில சண்டை வந்துவிட்டது. அந்தச் சண்டைக்கு நடுவிலதான் நாங்கள் சியாட்டிலைப் பற்றி வாசிச்சோம்.

சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் 1967ல தொடங்கின டீம். அந்த நகரத்தில போயிங் விமானம் கட்டுறதால ஒலியைவிட வேகமான விமானத்தின்ட ஞாபகத்தில வச்ச பேர். 1979ல சம்பியன். எங்கட ஜேர்சியில இருக்கிற 20, கேரி பேட்டன் எண்ட பெரிய ஆட்டக்காரரின்ட இலக்கம். 2006ல ஸ்டார்பக்ஸ் முதலாளி ஹவர்ட் ஷுல்ட்ஸ் அந்த டீமை ஒக்லஹோமா முதலாளிமாருக்கு 350 மில்லியன் டொலருக்கு வித்துவிட்டார். வாங்கினவங்க அரசாங்கக் காசில புது அரங்கு கேட்டார்கள். கிடைக்கல்ல. சியாட்டில் சனங்களும், பொதுக்காசை இப்படி அள்ளிக் குடுக்க வேண்டாம் எண்டு அந்த வருசமே பெரும்பான்மையா வாக்களிச்சிருந்தார்கள். (எங்களுக்கு அதில ஒரு பிழையும் தெரியல்ல. பணக்காரரின்ட டீமுக்கு ஏழையின்ட வரியில கூரை போடுறது எந்த நியாயம்?) கடைசியில 2008 ஜூலையில வழக்கு இணக்கமா முடிஞ்சது. குத்தகை முடிய ரெண்டு வருசம் இருக்க, 45 மில்லியன் டொலர் குடுத்துவிட்டு டீம் ஒக்லஹோமா சிற்றிக்குப் போயிற்றுது.

ஆனா அந்த இணக்கத்தில ஒரு நிபந்தனை இருந்தது. ஆட்டக்காரர் போகலாம், பேர் போகக் கூடாது. சோனிக்ஸ் எண்ட பேரும் பச்சை மஞ்சளும் சியாட்டிலுக்கெண்டு விட்டுவைக்கப்பட்டன, எப்பவாவது இன்னொரு டீம் வந்தால் போட்டுக்கொள்ள. ஒக்லஹோமாக்காரர் தங்கட டீமுக்குத் தண்டர் எண்டு புதுப் பேர் வச்சார்கள். 2025ல அவங்க சம்பியனும் ஆகிட்டாங்க. சியாட்டில் இண்டைக்கும் காத்துக்கொண்டிருக்கு. பழைய அரங்கின்ட கூரையை மட்டும் அப்படியே தூக்கி நிறுத்தி, அதுக்குக் கீழ தோண்டிப் புது அரங்கு கட்டி 2021ல திறந்தார்கள். இப்ப அந்த லீக்கில புது டீம் சேர்க்கிற பேச்சு வாற நேரமெல்லாம் லாஸ் வேகாசோட சேர்த்து சியாட்டிலின்ட பேர் அடிபடுது. பெண்கள் டீம் சியாட்டில் ஸ்டோர்ம் மட்டும் போகல்ல. ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து 2008லயே அதை வாங்கி வச்சுக்கொண்டார்கள். அது பிறகு மூண்டு தரம் சம்பியன் ஆனது. டீம் போயிற்று எண்டு அழுத கட்டுரைகளில இதுக்கு ஒரு வரிதான் இருக்கு. அது வேற கதை.

மன்னார்க்காரன் இதை வாசிச்சுவிட்டு எழும்பி நிண்டான். “பாத்தியளா? இதுதான் ஞாயம். ஆக்கள் எங்கயும் போகலாம், பேர் மண்ணுக்குச் சொந்தம். மச்சான், முன்னுக்கு எருக்கலம்பிட்டி எண்டு போடப் போறது நாங்க. நீங்க நாகவில்லு எண்டு போடுங்க.”

நாங்கள் ரெண்டு பேரும் வாயடைச்சுப் போனோம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால, பேரை விட்டுக்குடுக்காத சியாட்டில்காரரைப் பாத்துச் சந்தோசப்பட்டவங்க நாங்கள்தான். அந்த நியாயத்தை எங்கட மேல வச்சுப் பாத்தா எங்களுக்கு மிஞ்சுறது என்ன? முப்பத்தஞ்சு வருசமா எங்கட வீட்டில ‘ஊர்’ எண்டு சொன்னா அது நாகவில்லு இல்ல. உம்மம்மா இண்டைக்கும் “ஊருக்குப் போகணும்” எண்டுதான் சொல்லுவா, வீட்டு முற்றத்தில இருந்துகொண்டே.

அதால திரும்பவும் தேடினோம். பேர் போன கதைகளும் இருக்கு. லேக்கர்ஸ் முதல்ல மினியாபொலிஸ் டீம். ஆயிரக்கணக்கில ஏரி இருக்கிற மாநிலம், அதால அந்தப் பேர். 1960ல லொஸ் ஏஞ்சல்சுக்குப் போனபோது ஏரி கூடப் போகல்ல, பேர் போனது. ஜாஸ் இசை பிறந்த நியூ ஓர்லியன்சில இருந்து ஜாஸ் டீம் 1979ல யூட்டாவுக்குப் போனது. இண்டைக்கும் அது யூட்டா ஜாஸ்தான். யாரும் சிரிக்கிறதில்ல, பழகிவிட்டது.

எங்களை நிப்பாட்டி வச்சது வேறொரு டீம். ஹோர்னெட்ஸ். 2002ல சார்லட் நகரத்தில இருந்து நியூ ஓர்லியன்சுக்கு வந்தது. 2005ல கத்ரீனாப் புயல் அடிச்சு நகரம் தண்ணிக்குள்ள போனபோது அந்த டீமுக்கு நிக்க இடமில்ல. ஒக்லஹோமா சிற்றி இடம் குடுத்தது. ரெண்டு சீசன் அங்க ஆடினது. அந்த நேரம் அதின்ட பேர் ‘நியூ ஓர்லியன்ஸ்/ஒக்லஹோமா சிற்றி ஹோர்னெட்ஸ்’. ஒரே ஜேர்சியில, வந்த ஊரும் இடம் தந்த ஊரும்! புத்தளத்தில பிறந்த எவருக்கும் இந்த நீட்டுப் பேரில ஆச்சரியம் வராது. எங்கட விலாசத்தை எழுதிப் பாருங்க.

இடம் தந்த ஊரின்ட மனசும் அங்கதான் விளங்கினது. ஒக்லஹோமாக்காரருக்கு அதுக்கு முன்னால அந்த லீக்கில டீமே இல்ல. விருந்தாளி டீமுக்கு அரங்கு நிரம்பினது. 2007ல ஹோர்னெட்ஸ் வீட்டுக்குத் திரும்பினது. கை பழகின பிள்ளையை உம்மா வந்து வாங்கிக்கொண்டு போன மாதிரி இருந்திருக்கும். அடுத்த வருசம் தங்கட அரங்கைத் திருத்த விற்பனை வரி கட்டச் சம்மதிச்சு வாக்களிச்சார்கள், சியாட்டிலின்ட டீம் வந்து சேர்ந்தது. அகதிக்கு இடம் குடுத்த ஊர் இன்னொரு ஊரை வெறுமையாக்கினது. இதில கெட்டவன் யார் எண்டு தேடினா முதலாளிமார்தான் ஆப்பிடுவார்கள், பாக்க வந்த சனம் இல்ல.

சியாட்டிலுக்கும் அதே சோதனை வந்தது. 2013ல சாக்ரமெண்டோ கிங்ஸ் டீமை வாங்கி சியாட்டிலுக்குக் கொண்டுவர ஒரு கூட்டம் ஒப்பந்தம் போட்டது. சாக்ரமெண்டோ விடல்ல. நகரமே சேர்ந்து புது அரங்குக்கும் புது முதலாளிக்கும் ஓடித் திரிஞ்சது. லீக் முதலாளிமார் 22க்கு 8 எண்டு வாக்களிச்சு இடமாற்றத்தை நிராகரிச்சார்கள். நாங்கள் அந்த நேரம் சியாட்டிலில இருந்திருந்தா என்ன செய்திருப்போம்? எங்களுக்குச் செய்ததையே இன்னொரு ஊருக்குச் செய்து சந்தோசப்பட்டிருப்போமா? “வந்தா வரட்டும் எண்டிருப்பன்” எண்டு ஒருத்தன் சொன்னான். உண்மையைத்தான் சொன்னான். பசியில இருக்கிறவன் கறி எங்கால வந்தது எண்டு கேக்க மாட்டான். இப்ப பேசப்படுறது இன்னொருத்தரின்ட டீம் இல்ல, புது டீம் எண்டதில எங்களுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

எங்கட நாட்டில இப்படி ஒண்டு இருக்கா எண்டால், கிட்ட வாறது யாழ்ப்பாண டீம்தான். லங்கா பிரிமியர் லீக் 2020ல தொடங்கினபோது வடக்குக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான். முதல் ஐஞ்சு தொடரில நாலு கிண்ணம் அதுக்கு. முதல் வருசம் ஸ்டாலியன்ஸ், பிறகு முதலாளி மாற கிங்ஸ். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில படிச்ச வியாஸ்காந்த் அதில ஆடினபோது எங்கட பக்கத்துப் பொடியன்மாரும் கத்தினாங்க. ஆனா அந்த ஐஞ்சு தொடரிலயும் ஒரு மெச் கூட யாழ்ப்பாணத்தில நடக்கல்ல. சூரியவெவ, பல்லேகல, தம்புள்ள, கொழும்பு. பேர் யாழ்ப்பாணம், வீடு வேற எங்கயோ. பேர் மட்டும் ஊரில, டீம் வெளியில. 2025 செப்டெம்பரில மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் வச்சிருக்கு. கட்டி வச்சா வந்துவிடும் எண்டில்லை. அமெரிக்காவின்ட கன்சாஸ் சிற்றி 2007ல பெரிய அரங்கு திறந்து வச்சது, ஒரு கூடைப்பந்து டீமும் அங்க குடிவரல்ல. எண்டாலும் மண்டைதீவில முதல் மெச் நடக்கிற நாள் போகத்தான் யோசிக்கிறோம்.

போறது லேசில்ல எண்டும் சொல்லணும். யாழ்ப்பாணம் எண்ட பேருக்கு எங்கட வீட்டில எல்லாரும் கை தட்ட மாட்டார்கள். ஒருத்தன்ட மாமா யாழ்ப்பாணத்தில பிறந்து, ரெண்டு மணித்தியாலத்தில வெளியேறச் சொல்லப்பட்டவர். 2021 இறுதிப் போட்டியை எங்களோட இருந்து பாத்தார். ஆட்டம் முடிஞ்சபோது நாங்கள் துள்ளினோம். அவர் எழும்பி டீ ஊத்தப் போயிற்றார். திரும்பி வந்து, “எத்தன ரன்ஸால?” எண்டு மட்டும் கேட்டார்.

ஜேர்சிச் சண்டைக்கு அந்த மாமாவிட்டத்தான் போனோம். சியாட்டிலையும் சொன்னோம், லேக்கர்சையும் சொன்னோம். ஹோர்னெட்சின்ட மிச்சக் கதையையும் சொன்னோம்: 2013ல நியூ ஓர்லியன்ஸ் அந்தப் பேரைக் கழட்டிவிட்டுப் பெலிகன்ஸ் ஆனது, அடுத்த வருசம் சார்லட் தன்ட பழைய பேரையும் பழைய கணக்கு வழக்கையும் திருப்பி எடுத்துக்கொண்டது. மாமா எல்லாத்தையும் கேட்டார்.

“அங்க டீம் போனது, சனம் இருந்தது,” எண்டார். “எங்களுக்குச் சனம் போனது, மண் இருந்தது. ரெண்டையும் ஒரு தராசில வைக்கலாமா மகன்?”

மன்னார்க்காரன் விடல்ல. “அப்ப மண்ணைப் பாத்துக்கொண்டிருக்கிறவனுக்கு ஒண்டும் இல்லையா மாமா? எங்கட வாப்பா திரும்பி வந்தப்ப வீட்டில கதவும் இல்ல, கூரையும் இல்ல. மரம் முளைச்சிருந்தது. அதை வெட்டி எறிஞ்சவங்க நாங்க.”

இதுக்கு எங்களிட்ட பதில் இருக்கல்ல. இப்பவும் இல்ல. நாகவில்லுவில எங்களுக்கு வேலை, படிப்பு, கல்யாணம் எல்லாம் இருக்கு. ஊருக்கு நாங்கள் போறது பெருநாளைக்கும் வோட்டுப் போடவும்தான். வோட்டுக்குப் போறது கூட லேசான பயணமில்ல. 2019 நவம்பரில புத்தளத்தில இருந்து மன்னாருக்குப் போன பஸ்களுக்கு வழியில துப்பாக்கியால சுட்டார்கள். அப்படி இருந்தும் சனம் போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தது. பேரை விடுறது எண்டால் இதையெல்லாம் எந்தக் கணக்கில எழுதுறது?

மாமா கடைசியில சொன்னது, ரெண்டு டீமுக்கும் ஒரே பேரைப் போடச் சொல்லி. நிறத்தால பிரிச்சுக்கொள்ளுங்கோ எண்டார். நல்ல யோசனைதான். ஆனா நிறம் எண்டதும் அடுத்த சண்டை. ஊரின்ட பழைய டீம் நீலம் எண்டு ஒருத்தரின்ட வாப்பா சொல்றார், வெள்ளை எண்டு இன்னொருத்தரின்ட சாச்சா சொல்றார். பாக்க ஒரு போட்டோ கூட இல்ல. வள்ளத்தில ஏத்தினது பிள்ளைகளையும் குர்ஆனையும், போட்டோவை இல்ல. உம்மம்மாவிட்டக் கேட்டோம். “பந்தடிக்கிறவங்களை நாங்க அந்தக் காலத்தில எங்க பாத்தோம்” எண்டுவிட்டா. கொஞ்சம் யோசிச்சுவிட்டு, “உங்கட அப்பா கழட்டிப் போட்ட சேட்டைத் தோய்ச்சனான். சேறுதான் ஞாபகம்” எண்டா.

பெருநாளைக்கு இன்னும் பதினொரு நாள். அச்சடிக்கிறவர் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார்.