மிஞ்சிய அன்னமும் சுடராகும்

வேலூர் சாலை வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும் அடியார்கள் நகரை அடையும் முன் கடக்கும் ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருப்பது இங்குதான். ஊரின் பெயரையே தாங்கிய ஏரி ஒருபுறம்; தென்மேற்கே அண்ணாமலையார் மலையாகவே காட்சி தருகிறார். சற்றுத் தெற்கே, கிரிவலப் பாதையில் எட்டாவதான ஈசான்ய லிங்கம்.

வயல் சூழ்ந்திருந்த ஊரில் இன்று வீடுகள் பெருகிவிட்டன. வீடு பெருகினால் அடுப்பு பெருகும். அடுப்பு பெருகினால் மிச்சமும் பெருகும். மீந்த சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையில் முடிச்சிடப்பட்டுத் தெருமுனைக்குப் போகின்றன. சோற்றைத் தேடி வரும் பசு பையையும் சேர்த்து விழுங்குகிறது. கோமாதாவை வணங்கும் கைகளே அறியாமல் செய்யும் பிழை இது.

இதே மலையடிவாரத்தில் 1896 முதல் 1950 வரை வாழ்ந்த பகவான் ரமணர், சிந்திய அரிசி மணியையும் பொறுக்கி எடுப்பார் என அடியார்கள் பதிவு செய்துள்ளனர். அன்னத்தை வீணாக்காமல் இருப்பதே முதற்கடன். அதற்குப் பின்னும் மிஞ்சுவதற்கு வழி உண்டு. அதுவே எரிவாயுக் கலன்.

சாண எரிவாயு நம் கிராமங்களுக்குப் புதிதன்று. சமையல் கழிவுக்கும் அதே முறைதான். காற்றுப் புகாத தொட்டியில் முதலில் பசுஞ்சாணத்தைக் கரைத்து ஊற்றுவர். அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகியபின், கழிவை நறுக்கி நீருடன் நாள்தோறும் இடுவர். கழிவு செரித்து மீத்தேன் கலந்த வாயு எழும். வெளியேறும் கரைசல் செடிகளுக்கு உரமாகும்.

ஒரு வீட்டில் நாளுக்கு அரைக்கிலோ மிஞ்சினால், 20 வீடுகளில் 10 கிலோ. அதிலிருந்து ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அதைக் கொண்டு இயந்திரத்தை இயக்கினால் சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரம். 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஏழு, இரவில் பத்து மணி நேரம் எரிய அது போதும். பெரிய அளவிலும் இது இயலும் என்பதற்குச் சென்னை கோயம்பேடு சந்தை சான்று. நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் திறனுடன் அங்கே நிலையம் அமைக்கப்பட்டது.

‘எச்சிலில் பிறந்த நெருப்பாயிற்றே!’ என்று பெரியவர்கள் தயங்கலாம். அக்னிக்குப் பாவகன் என்றொரு பெயர் உண்டு. தூய்மை செய்பவன் என்பது அதன் பொருள். ஆயினும் மனம் ஒப்பாதவர்கள் நைவேத்திய அடுப்பைத் தனியே வைத்துக்கொள்ளலாம். தெருவிளக்கு எரிவதற்கு எந்த ஆசாரமும் தடையில்லை.

தொட்டி கட்ட ஊர் கூட வேண்டும். ஆனால் அன்னத்தையும் பிளாஸ்டிக்கையும் வீட்டிலேயே பிரித்து வைக்க ஒருவர் மனம் வைத்தால் போதும். அக்னித் தலத்தின் வாசலில் வாழ்பவர்களுக்கு அதுவும் ஒரு தீபத் திருப்பணியே.