பாதிக் கூரை

இந்த ஜீப்பில் இனி காலை வைப்பதில்லை என்று அவருடைய மனைவி அறிவித்தது 2016 ஜூலையில், மடிக்கேரியிலிருந்து சோமவார்பேட்டை திரும்பும் வழியில். அப்போது அவர் கையில் குடை விரிந்திருந்தது, ஜீப்புக்குள்ளேயே. ஏனென்றால் வண்டிக்குக் கூரை கிடையாது. மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். மாத்திரைச் சீட்டு கரைந்து, எந்த மாத்திரையைக் காலையில் போடுவது, எதை இரவில் போடுவது என்று தெரியாமல் போயிற்று. கணவர் பேசாமல் ஓட்டினார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எப்போது பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்.

குடகில் ஓய்வுபெற்ற ராணுவத்தாருக்கும் பழைய ஜீப்புக்கும் பஞ்சமில்லை. சுபேதாரிடம் இருப்பது 1994 மாடல் மஹிந்திரா 540. பியூஜோ டீசல் எஞ்சின், கே.ஏ. 12 நம்பர் பலகை. ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு அதுதான் லாரி, டிராக்டர், ஆம்புலன்ஸ், கல்யாணக் கார் எல்லாம். வாங்கும்போது அதற்கு முழு கித்தான் ஹூட் இருந்தது. பருத்திக் கித்தான் ஒரு விசித்திரமான துணி. நனைந்தால் நூல் உப்பி, இழைகளுக்கு நடுவே உள்ள துவாரங்கள் அடைபட்டு, தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் மழை பெய்யும்போது உள்பக்கத்தைத் தலையோ விரலோ தொட்டுவிட்டால் அந்த இடத்தில் சொட்டத் தொடங்கிவிடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். குடகு மழையில் ஈரமில்லாமல் மடிப்பது எங்கே? ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை வெயிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பூஞ்சணம் தின்று மிச்சம் வைத்ததைக் குரங்குகள் கிழித்தன. 2011-இல் சுபேதார் அதைக் கழற்றி எறிந்தார். ஐந்து வருடம் திறந்த வண்டிதான். ரெயின்கோட் இருக்கும்போது கூரை எதற்கு என்பது அவர் கட்சி.

மனைவியின் அறிவிப்புக்குப் பிறகு அந்தக் கட்சி கலைந்தது. ஆனால் சமாதான உடன்படிக்கையில் சுபேதார் ஒரு நிபந்தனை வைத்தார்: கூரை முன்சீட்டுக்கு மட்டும். முழு ஹூட் போட்டால் டிசம்பர், ஜனவரியில் காப்பி மூட்டைகளைப் பக்கவாட்டிலிருந்து ஏற்ற முடியாது; கம்பி வளைவுகளுக்கு மேல் அடுக்கவும் முடியாது. பின்னால் வைக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி இரண்டு வெயில் கண்டால் மஞ்சளாகி, ரிவர்ஸ் எடுப்பது குத்துமதிப்பாகிவிடும். இவையெல்லாம் நியாயமான காரணங்கள். வானம் தெரிய வேண்டும் என்ற காரணத்தை அவர் வெளியே சொல்லவில்லை.

குஷால்நகரில் சீட் கவர் தைக்கும் ஒருவரிடம் வண்டி போனது. பாதி ஹூட் என்றால் பாதி வேலை என்று சுபேதார் நினைத்திருந்தார். தையல்காரர் சிரித்தார். முழு ஹூடில் துணியை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டலாம். பாதி ஹூடில் பின்பக்கம் பிடிமானம் எதுவும் இல்லை. எனவே முதலில் முன்சீட்டுகளுக்குப் பின்னால் இரும்புக் குழாயில் ஒரு வளைவு வைத்து, பாடியில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் அந்த வளைவுக்கும் நடுவே இன்னொரு மெல்லிய வளைவு, இரண்டைவிட ஓர் அங்குலம் உயரமாக. இது இல்லாவிட்டால் துணி குழிந்து தண்ணீர் தேங்கும்; முதல் பிரேக்கில் அத்தனையும் ஓட்டுகிறவர் மடியில் கொட்டும்.

இந்த முறை துணி பருத்தியல்ல, பி.வி.சி. பூச்சுள்ளது. அதை வெயிலில் போட்டு இளகவைத்துத்தான் மாட்ட வேண்டும். குளிரில் மாட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும், பிறகு வெயில் பட்டதும் தொங்கிவிடும். தையல்காரர் இரண்டு நாள் வெயிலுக்காகக் காத்திருந்தார். பித்தளைப் பொத்தான்களை முன்கூட்டியே அடிக்கவும் மறுத்துவிட்டார். முதலில் துணியை இழுத்துக் கட்டி ஒரு ராத்திரி விட்டு, அது எங்கே வந்து நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி போட்டுப் பொத்தான் வைத்தார். ஓடு வேய்வதுபோல, முன்துண்டு மேலேயும் பின்துண்டு கீழேயுமாக ஒட்டு வைத்துத் தைத்தார். ஓடும்போது காற்று தண்ணீரைத் தையலுக்குள் தள்ளாமல் இருக்க அதுதான் வழி. ஊசித் துவாரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். இப்படி வேலை செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020-இல் வந்த புதிய தாரில் கம்பெனியே மடக்கக் கூடிய ஹூட் தந்தது. ஆனால் பழைய ஜீப்புக்குக் கம்பெனி என்பது இந்த மாதிரி ஒரு தையல்காரரும் அவருடைய மெழுகுவர்த்தியும்தான்.

முதல் நாள் ஓட்டத்திலேயே பாடம் வந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காற்று முன்னால் புகுந்து கூரையைப் பலூனாக ஊதியது. அதோடு பின்பக்கம் திறந்திருந்ததால் டீசல் புகையும் செம்மண் தூசியும் முன்சீட்டுக்குள் சுழன்று வந்தன. கூரையே இல்லாதபோது இந்தத் தொல்லை இல்லை; காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடியும் குஷால்நகர். வளைவிலிருந்து கீழே தொங்கும்படி ஒரு திரை தைத்து, வாரும் பக்கிளும் வைத்துக் கொடுத்தார் தையல்காரர். ஊதுவது நின்றது, புகையும் பெருமளவு நின்றது. மனைவி ஏறி உட்கார்ந்து, கூரையை உள்ளிருந்து விரலால் தட்டிப் பார்த்து, ஒழுகவில்லை என்று ஒப்புக்கொண்டார். பக்கவாட்டில் சாரல் அடிக்கத்தான் செய்தது. அதற்கு ஒரு துண்டு போதும்.

திரைக்கு அப்பால் நடந்ததை முன்சீட்டில் இருந்தவர்கள் உடனே கவனிக்கவில்லை. தோட்ட வேலைக்கு வரும் ஆறேழு பேர் எப்போதும் பின்னால்தான் உட்காருவார்கள். அவர்களில் மூத்த அம்மாள் ஒருவர், தன் வீட்டு முடுக்கு வந்ததும் சுபேதாரின் தோளைத் தட்டுவார். அது பத்து வருடப் பழக்கம். திரை வந்த பிறகு தோள் எட்டவில்லை. தகரத்தில் ஓங்கி அடிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் எஞ்சின் சத்தத்தில் அதுவும் கேட்காமல், அந்த அம்மாள் அரை மைல் தள்ளி இறங்கி மழையில் திரும்பி நடந்தார். மறுநாள் அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "முன்னெல்லாம் எல்லாரும் சேர்ந்து நனைவோம் சார்" என்றார், அவ்வளவுதான். சுபேதார் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த அம்மாள் சமையல்கட்டு வாசலிலும் சொல்லியிருந்தார்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள். எதுவும் செய்யாமல் இரண்டு மழைக்காலம் போயிற்று. நல்ல எண்ணங்களின் வழக்கமான வேகம் இது.

2018 ஆகஸ்டில் குடகின் மலைச் சரிவுகள் இடிந்து விழுந்தன. வீடுகளும் தோட்டங்களும் சாலைகளும் சேற்றோடு போயின. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்கினர். சுபேதாரின் வீடு தப்பியது. அக்கம்பக்கத்துச் சரிவுகளில் இருந்தவர்களை இறக்கிவர, ஃபோர் வீல் போடக் கூடிய வண்டிகள்தான் போக முடிந்தது. முதல் நடையிலேயே அவர் பாக்கெட் கத்தியால் திரையின் வார்களை அறுத்து எறிந்தார். பக்கிளைக் கழற்ற நேரமில்லை. முன்னும் பின்னுமாகக் குழந்தைகளைக் கைமாற்ற வேண்டியிருந்தது. முன்சீட்டில் கிழவர்களும் கைக்குழந்தைகளும். பின்னால் மற்றவர்கள், ஒரு நீலத் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகத் தலைக்கு மேல் பிடித்தபடி. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் மேல் கொட்டியது. அந்த மூத்த அம்மாளும் அதில் ஒருவர். அன்று எத்தனை நடை போனது என்று சுபேதார் கணக்கு வைக்கவில்லை. டீசல் தீர்ந்தபோதுதான் நிறுத்தினார்.

மழை விட்டதும் மனைவியே குஷால்நகருக்குப் புறப்பட்டார், அந்த நீலத் தார்ப்பாயோடு. முழு ஹூட் காலத்துக் கம்பி வளைவுகள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றில் இரண்டைச் சுரண்டி பெயிண்ட் அடித்துப் பின்பக்கத்தில் பொருத்தினார்கள். தார்ப்பாயை ஓரம் மடித்துத் தைத்து, வளையம் வைத்து, முன் கூரையோடு கயிற்றால் கோக்கிற மாதிரி செய்தார் தையல்காரர். மழைக்காலத்தில் போட்டு, அறுவடைக்கு முன் கழற்றிவிடலாம். பார்க்க லட்சணமாக இல்லை. முன்னால் கறுப்பு, பின்னால் நீலம். "இதற்குப் பேர் முழு ஹூட்தானே?" என்று மனைவி கேட்டதற்கு, இல்லை, இது இரண்டு பாதி ஹூட் என்று சுபேதார் விளக்கம் சொன்னார்.

2019 ஜனவரியில், வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த உருவத்திலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவர் கொஞ்ச நாள் தூக்கம் கெட்டார். கழற்றி மாட்டுகிற துணி அதில் சேருமா என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். முன்ஜாக்கிரதையாக மிச்சக் கம்பிகளுக்கும் எண்ணெய் போட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார்.

அறுத்த திரையை மட்டும் திரும்பத் தைக்கவில்லை. அறுவடைக் காலத்தில் தார்ப்பாயைக் கழற்றியதும் புகை பழையபடி முன்னால் வருகிறது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு சுபேதாரின் தோளைத் தட்டும்போது மட்டும் முந்தானையை எடுத்துவிட்டு, "முடுக்கு வந்தாச்சு, நிறுத்துங்க" என்கிறார்.